முப்பதாவது காயம்

பயன்பாட்டுப் புள்ளியியல் முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பத்தில் பெயர், வயது, கல்வித் தகுதி இவற்றுக்கு அடுத்தபடியாக ரத்த வகை கேட்டிருந்தார்கள். ரிஜிஸ்டர் அக்காவுக்கு அதில் சந்தேகம் எதுவும் தட்டவில்லை. எண்ணிக்கைக்காரர்கள், எதையும் கேட்டு வைத்துக்கொள்வார்கள்போல என்று நினைத்து, ‘ஓ பாசிட்டிவ்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். வாங்கிய குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, “பரவால்லம்மா, சுலபமா கிடைக்கிற வகைதான்” என்று ஆறுதல் சொன்னார்.

அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு. பன்னிரண்டு வருஷமாக ஒரு பெரிய மருத்துவமனையின் விபத்துப் பிரிவில், வாசலை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து, அடிபட்டு வருகிறவர்களைப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலை. அதனால்தான் எல்லாருக்கும் ரிஜிஸ்டர் அக்கா. பதிவேட்டில் எட்டுக் கட்டங்கள்: பெயர், வயது, நேரம், இடம், எந்தப் பொருளால், உடம்பில் எங்கே, காயத்தின் அளவு, எத்தனை தையல். இந்த எட்டிலும் இல்லாத ஒரு கேள்வியை அக்கா முதலில் கேட்பார்: “ரொம்ப வலிக்குதா?” மண்டை பிளந்து வந்தவனிடம் இதைக் கேட்டதற்கு ஒரு டாக்டர் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். அக்கா விடவில்லை. கேட்டதும் பாதிப் பேர் அழுதுவிடுவார்கள், அழுது முடித்தால்தான் பெயரைச் சரியாகச் சொல்வார்கள் என்பது அவருடைய அனுபவம்.

இப்படிப்பட்டவருக்குப் பட்டம் எதற்கு என்றால், மருத்துவமனையில் ஆவண அலுவலர் நாற்காலி காலியாகப்போகிறது. இரண்டு வருஷத்துக்குள் முதுகலை முடித்தால் அது அக்காவுக்கு. முடிக்காவிட்டால் கண்காணிப்பாளரின் மருமகனுக்கு. அந்த மருமகன் ஒருமுறை வலது கால் என்று எழுத வேண்டிய இடத்தில் இடது கால் என்று எழுதி வைக்க, நல்ல காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவனுக்குக் கீழே உட்கார்ந்து பேனா பிடிப்பதை நினைத்தாலே அக்காவுக்கு வயிறு எரிந்தது. படிப்பு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

புள்ளியியல் துறையில் இரண்டு கட்சிகள் இருந்தன. துறைத் தலைவர் ஒரு கட்சி. எல்லாவற்றையும் கூட்டி ஆள்கணக்கால் வகுத்தால் வருவதுதான் உண்மை என்பவர். மாணவர்கள் அவரைச் ‘சராசரி சார்’ என்பார்கள். இரண்டாவது கட்சி, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பேராசிரியை. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நட்டநடுவில் நிற்கிற ஆளைப் பிடி, அவன்தான் உண்மை என்பவர். அவர் பெயர் ‘நடு மேடம்’. இருபத்திரண்டு வருஷமாக ஒரே நடைவழியில் எதிரெதிர் அறைகள். இரண்டு அறைக் கதவுகளிலும் கண்ணாடி இல்லை. கண்ணாடி இருந்த இடத்தில் ஒட்டுப்பலகை அடித்திருந்தது.

முதல் புதன்கிழமை செமினார். ஒரு மாணவன் போன தேர்வு மதிப்பெண்களைப் பலகையில் எழுதி, “சராசரி அறுபத்திரண்டு” என்றான். சராசரி சார் திருப்தியாகத் தலையாட்டினார். அப்போது நடு மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சராசரி எல்லாத்துக்கும் சரிவராது சார்” என்றார்.

வகுப்பே ஒரே அசைவில் பெஞ்சுக்கு அடியில் போயிற்று. ஏதோ கீழே விழுந்துவிட்டதாக்கும், எல்லாரும் தேடுகிறார்கள் என்று அக்கா நினைத்தார். அதற்குள் மரப்பிடி வைத்த டஸ்டர் பறந்து வந்தது. நடு மேடத்துக்குப் பழகிய கழுத்து, குனிந்துகொண்டார். அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் வலது புருவம் பிளந்தது. பதிலுக்கு மேடம் காகிதத்தில் துளை போடும் இரும்பு மெஷினை வீச, அது சாரைத் தாண்டிப் போய்ப் பலகையருகே நின்ற மாணவனின் காதைக் கிழித்தது. பிறகு நாற்காலிகள். பத்து நிமிஷம் கழித்துச் சராசரி சார் மூச்சு வாங்கியபடி, “வேற கேள்வி ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். யாருக்கும் இல்லை.

தோளில் முதலுதவிப் பெட்டியோடு ஒருவர் உள்ளே வந்தார். பதவிப் பட்டியலில் கணினி ஆய்வக உதவியாளர். பதினொரு வருஷமாகக் கணினியைத் தொட நேரம் கிடைக்காததால் அவருக்கு டிஞ்சர் அண்ணன் என்று பெயராகிவிட்டது. அக்காவின் புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார்.

“புதுசாக்கா? ‘சரிவராது’ன்னு காதுல விழுந்த உடனே குனிஞ்சிடணும். மத்ததெல்லாம் சிலபஸ்லயே இருக்கு.”

அக்கா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே காது கிழிந்த மாணவனிடம் போனார். “ரொம்ப வலிக்குதா தம்பி?” என்றார். அவன் ஓவென்று அழுதான். இந்தத் துறையில் அதுவரை அவனை யாரும் இதைக் கேட்டதில்லையாம். அழுது முடித்ததும், பழக்கதோஷத்தில் அக்கா நோட்டை எடுத்து எட்டுக் கட்டம் போட்டு அவனை எழுதிக்கொண்டார். தன் புருவத்தை எழுதவில்லை. பதிவேடு எழுதுகிறவர் தன்னை எழுதிக்கொள்ளும் வழக்கம் விபத்துப் பிரிவில் கிடையாது.

வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். மூன்று தையலோடு வந்த மனைவியைப் பார்த்து அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஏம்மா, படிக்கத்தானே போன?”

“படிக்கத்தாங்க போனேன். கருத்து வேறுபாடாம்.”

“எங்க பட்டறையில நாள் பூரா இரும்பு பறக்குது. முப்பது பேரு. வருஷத்துக்கு ரெண்டு பேருக்கு மேல அடிபட்டதில்ல. பேசாம வந்துடு.”

“வந்துட்டா அந்த மருமகன்கிட்ட கை கட்டி நிக்கணும். பரவால்லையா?”

வீட்டுக்காரர் மறுநாள் தன் ஹெல்மெட்டைத் துடைத்து அக்காவின் பையில் வைத்தார். நுழைவாயிலில் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டார். திறந்த மனதோடு உள்ளே வர வேண்டும் என்பது துறையின் விதி.

ஆறாம் மாதத்தில் அக்காவின் நோட்டில் ஆறு பேர் இருந்தார்கள். ஸ்டேப்ளர், உள்ளங்கை, நான்கு தையல். கண்ணாடிப் பேப்பர் வெயிட், தாடை, பல் இரண்டு. புரொஜக்டரின் முக்காலி, முழங்கால். ஆராய்ச்சித் தலைப்புக் கொடுக்க வேண்டிய நாள் வந்தபோது, விபத்துப் பிரிவில் நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை ஆராயப்போவதாக அக்கா எழுதிக் கொடுத்தார். சராசரி சார் அதைத் தூர வைத்துவிட்டு, “அது என்ன நோட்டு?” என்றார்.

அக்கா தொலைந்தோம் என்று நீட்டினார். சார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் கண் கலங்கிவிட்டது.

“முதல்நிலைத் தரவும்மா இது! இருபது வருஷமா இந்தத் துறையில யாராவது சொந்தமா ஒரு எண்ணைச் சேகரிச்சிருக்காங்களா? எல்லாம் அடுத்தவன் அட்டவணையைத் திருப்பிப் போட்டுப் பட்டம் வாங்குனவங்க. இத்தனை வருஷமா இங்க சிந்துன ரத்தமெல்லாம் யாருக்கும் பயன்படாமப் போச்சேன்னு நான் தூங்காம இருந்திருக்கேன். இனிமே ஒரு சொட்டுகூட வீணாகாது. இதுதான் உங்க தலைப்பு!”

அன்றிலிருந்து அடிதடியில் ஒரு பொறுப்பு வந்தது. முன்பெல்லாம் கைக்குக் கிடைத்ததை எறிந்தார்கள். இப்போது எறிவதற்கு முன் பொருளின் எடையைச் சொன்னார்கள். ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொண்டிருக்கும்போதே, “அக்கா, மணி பாத்துக்கோங்க” என்று குரல் வரும். நெற்றியிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்ட வரிசையில் நின்று, “மூணு சென்டிமீட்டர்னு போட்டிருக்கீங்க, நாலு இருக்கும், நல்லா அளங்க” என்று சண்டை பிடித்தார்கள். பாடத்திட்டக் கூட்டத்தில் ஒரே மதியத்தில் ஐந்து பேர் விழுந்தார்கள். துறையில் சமவாய்ப்பு எண் அட்டவணை என்று அறுநூறு பக்கத்தில் ஒரு புத்தகம் உண்டு. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது. யாரும் படித்ததில்லை. நடு மேடம் அதை இரண்டாம் மாடிப் படிக்கட்டிலிருந்து கீழே நழுவவிட்டபோது, கீழே நின்ற ஆராய்ச்சி மாணவனுக்கு மண்டையில் பதினாலு தையல் விழுந்தது. பக்கத்தில் நின்றவனுக்குக் கீறல்கூட இல்லை.

சராசரி சார் சம்பவ இடத்துக்கு வந்து பார்த்தார். “ஒருத்தனுக்குப் பதினாலு, ஒருத்தனுக்குப் பூஜ்யம். சராசரியா ஆளுக்கு ஏழு. ரெண்டு பேருமே தாங்கக்கூடிய நிலையிலதான் இருக்காங்க” என்றார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவன் எதையும் சொல்லும் நிலையில் இல்லை.

“சார், நான் எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் சண்டை ஜாஸ்தியாகுது” என்று அக்கா ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ரெண்டும் ஒண்ணா நடக்குதுங்கறதுக்காக ஒண்ணாலதான் இன்னொண்ணு நடக்குதுன்னு சொல்லக் கூடாதும்மா. இது முதல் செமஸ்டர் பாடம்” என்றார் சார், முஷ்டியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே.

அக்காவுக்கும் வேலை கூடியது. “ரொம்ப வலிக்குதா?” என்பதைப் பேனா மூடியைத் திறந்தபடியே கேட்டார். பிறகு ‘ரொம்ப’ நின்று வெறும் “வலிக்குதா?” ஆயிற்று. சில நாள் பதிலுக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. அடுத்தவர் வரிசையில் நிற்பார்.

இரண்டாம் வருஷத்தின் கடைசி செமஸ்டரில் நோட்டில் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். அக்கா உட்கார்ந்து அலசினார். கற்றது வீணாகவில்லை, எண்கள் பேச ஆரம்பித்தன. இருபத்தொன்பது காயங்களில் இருபத்து மூன்று ஒரே வாக்கியத்தில் தொடங்கியிருந்தன: ‘சராசரி சரிவராது.’ வாக்கியம் முடிந்ததிலிருந்து ஒன்பதாவது விநாடி சாரின் கையிலிருந்து பொருள் கிளம்பும். சொன்னவரின் நெற்றியைக் குறி பார்ப்பார். சொன்னவர் குனிந்துவிடுவார். நேர் பின்னால் இருப்பவருக்கு, பெரும்பாலும் வலது புருவத்தில், விழும். வீட்டுக்காரரின் லேத் பட்டறையைவிட இந்தத் துறையில் காயம் ஏழு மடங்கு. பேப்பர் வெயிட்டுகளை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் துறையையே மூட வேண்டும் என்று முடிவுரை எழுதி, சாரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

சராசரி சார் முழுதும் படித்தார். இந்த முறை கண் கலங்கவில்லை.

“மாதிரி அளவு?”

“இருபத்தொன்பது சார்.”

“முப்பதுக்குக் குறைஞ்சா அது சின்ன மாதிரிம்மா. இருபத்தொன்பது பேர் அடிபட்டா அது ஊர்வம்பு. முப்பது பேர் அடிபட்டாத்தான் அது உண்மை. வம்பை வச்சு நான் பட்டம் தர முடியாது.”

“முதல் நாள் எனக்கும் அடிபட்டுச்சே சார். தழும்பு இருக்கு பாருங்க. என்னையும் சேத்தா முப்பது.”

“எண்ணுறவங்க எண்ணிக்கையில வர மாட்டாங்க. பக்கச்சார்பு ஆயிடும்.”

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. முப்பதாவது ஆள் விழுந்தால் அது நிரூபணமாகிவிடும், நிரூபணமானால் துறையின் தரச் சான்றிதழ் போய்விடும், ஆகவே ரத்தம் வரும்படி யாரும் யாரையும் தாக்கக் கூடாது. ரத்தம் வந்தால் மட்டுமே காயம் என்று ஆராய்ச்சிக்குழு வரையறுத்திருப்பதையும் உறுப்பினர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

படித்தவர்கள், கவனத்தில் கொண்டார்கள். சமவாய்ப்பு எண் அட்டவணைக்குத் துண்டு சுற்றினார்கள். ஸ்டேப்ளரை விட்டுவிட்டு விரலைப் பின்னால் மடக்கினார்கள். நடைவழியில் ஒருவரைப் படுக்கப் போட்டு நெஞ்சில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்து, அவர் நீலமாகும்வரை வரையறையை விவாதித்தார்கள். சுவரில் தலையை மோதுவதற்கு முன் தலையணை வைத்தார்கள். மூன்று வாரத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. டிஞ்சர் அண்ணன் பெட்டியில் டிஞ்சர் அப்படியே இருந்தது, கட்டுத்துணி மட்டும் தீர்ந்துபோனது.

கடைசி பெஞ்சில் உட்காரும் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் திறந்து பேசாதவள். கருத்தரங்கு அறையில் யாரோ யாரையோ தள்ள, நடுவில் மாட்டிக்கொண்டு இரும்பு பீரோவில் மோதினாள். தோள்பட்டை எலும்பு படீரென்று முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தோலில் ஒரு கீறல் இல்லை.

அக்கா ஓடிப்போய் மடியில் சாய்த்துக்கொண்டார். “ரொம்ப வலிக்குதாம்மா?”

“எழுதிக்கோங்கக்கா” என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி. “முப்பதாவதா என்னைப் போட்டுக்கோங்க. உங்களுக்காவது பயன்படட்டும்.”

அக்கா சாரிடம் போய் நின்றார். சார் பரிவோடுதான் கேட்டார்.

“ரத்தம் வந்துச்சா?”

“எலும்பு முறிஞ்சிருக்கு சார். கை தொங்குது.”

“ரத்தம் வரல. அப்ப அது காயம் இல்லம்மா. அபிப்பிராயம்.”

அக்கா அன்று வீட்டுக்கு நடந்தே போனார். வாழ்க்கையில் யார் மேலும் அவருக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிய வேண்டும். முடியாவிட்டால் திங்கட்கிழமை மருமகன் நாற்காலியில் உட்காருவான்.

“விட்டுத் தொலையேன்” என்றார் வீட்டுக்காரர்.

“ஒண்ணே ஒண்ணுதாங்க குறையுது” என்றார் அக்கா. சொல்லிவிட்டு, ஒன்று என்றால் ஒரு மனுஷன் என்பது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. உறைத்த பிறகும் நோட்டை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை வெளியூர்த் தேர்வாளர் வந்தார். இருமுவதற்குக்கூட அனுமதி கேட்கிற மனிதர். வைவா அறையில் சுவரோரம் அவருக்கு நாற்காலி. எதிர்ப்பக்க மேஜையில் சராசரி சார், முன்னால் காகிதக் கட்டு, அதன் மேல் கண்ணாடிப் பேப்பர் வெயிட். நடு மேடம் சன்னலோரம் சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டுக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வாசலில் டிஞ்சர் அண்ணன்.

சார் கேள்விகளை இழுத்தார். மணி நாலரை தாண்டியது. “மொத்தத்துல மாதிரி அளவு இருபத்தொன்பது. ஆக, எதுவும் நிரூபணம் ஆகல. ஐயா, தோல்வின்னு போட்டுடலாமா?” என்றார் தேர்வாளரைப் பார்த்து.

“நீங்க சொன்னாச் சரிங்க” என்று தேர்வாளர் பேனாவை எடுத்தார்.

“ஒரு நிமிஷம் சார்” என்று அக்கா எழுந்தார். “கடைசி அட்டவணையைப் பக்கத்துல வந்து விளக்கிடறேன்.”

நாலு எட்டு நடந்து தேர்வாளருக்கு நேர் முன்னால் வந்து, சாரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒருமுறை பின்னால் பார்த்துத் தேர்வாளர் உட்கார்ந்திருந்த உயரத்தைக் கண்ணால் அளந்தார். விளக்குகிற சாக்கில் நெற்றியை அந்த உயரத்துக்குத் தாழ்த்தி, அரை அடி வலப்பக்கம் நகர்ந்தார்.

“சார், இருபத்தொன்பது காயத்தையும் நீங்க கூட்டி வகுக்கச் சொன்னீங்க. வகுத்துப் பார்த்தேன்.” கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “சராசரி எதுக்குமே சரிவராது சார்.”

நடு மேடத்தின் முகம் மலர்ந்தது. சராசரி சாரின் கழுத்து நரம்பு புடைத்தது. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே விரல்கள் பேப்பர் வெயிட்டைத் தேடிப் பிடித்தன. அக்கா மனசுக்குள் எண்ணினார். ஆறு, ஏழு, எட்டு. குனிந்தார்.

தேர்வாளரின் வலது புருவத்தில் அது தேங்காய் உடைகிற சத்தத்தோடு இறங்கியது. அவர் நாற்காலியோடு சுவரில் சாய்ந்தார். ரத்தம் கண்ணை மறைத்துக் கன்னத்தில் வழிந்து, சட்டையை நனைத்து, அவர் கையிலிருந்த மதிப்பெண் தாளில் சொட்டியது.

“இது தற்செயல்!” என்று சராசரி சார் கத்தினார். “இதைக் கணக்குல சேக்கக் கூடாது!”

“ஒன்பதாவது விநாடி சார்” என்றார் அக்கா. “தீசிஸ்ல எழுபத்திரண்டாம் பக்கம் இருக்கு.”

நோட்டு ஏற்கெனவே திறந்திருந்தது. நேரம், நாலு நாற்பத்திரண்டு. இடம், வைவா அறை. பொருள், கண்ணாடிப் பேப்பர் வெயிட். அளவுகோலை ஈரமான புருவத்தில் வைத்துப் பார்த்து, நாலு சென்டிமீட்டர் என்று எழுதினார். தேர்வாளரின் பெயரும் வயதும் வைவா கடிதத்திலேயே இருந்தன. அவரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தேர்வாளர் ஒரு கண்ணால் தீசிஸைப் பார்த்தார், தன் மடியைப் பார்த்தார். விரல் விட்டு ஏதோ எண்ணினார். “முப்பது” என்றார் மெதுவாக. “நிரூபணம் ஆயிடுச்சு.” ரத்தம் படாத ஓரமாகத் தாளைத் திருப்பி வைத்து, ‘முதல் வகுப்பு, தனிச்சிறப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “பாடத்தை நல்லா பயன்படுத்தத் தெரிஞ்சிருக்கும்மா உங்களுக்கு.”

டிஞ்சர் அண்ணன் பஞ்சோடு வந்து மண்டியிட்டார். அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தனை தையல் போடும்ண்ணே?” என்றார் அக்கா, பேனாவைப் பிடித்தபடி.

“அஞ்சு.” அவர் பார்வையை எடுக்கவில்லை. “அக்கா... வழக்கமா ஒண்ணு கேப்பீங்களே.”

“என்னது?”

டிஞ்சர் அண்ணன் தேர்வாளரின் பக்கம் குனிந்து, “ரொம்ப வலிக்குதா சார்?” என்று அவரே கேட்டார். அந்த மனிதர், அனுமதி கேட்காமல், குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார்.

எதை விட்டுவிட்டோம் என்று அக்கா நோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பெயர், வயது, நேரம், இடம், பொருள், பாகம், அளவு, தையல். ஒன்றும் விடுபடவில்லை. எட்டுக் கட்டமும் நிரம்பியிருந்தது.